போட்டோ எடிட்டிங்குக்கு விலை குறைந்த கிராஃபிக்ஸ் டேப்லெட்: தேர்வு முதல் அமைப்பு வரை முழுமையான வழிகாட்டி

கிராஃபிக்ஸ் டேப்லெட், அதாவது கணினியுடன் இணைத்துப் பேனாவால் வரையும் பலகை, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் அழுத்த நிலை எண்ணைத்தான் (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பது): 8192, 16384. போட்டோ எடிட்டிங்கைப் பொறுத்தவரை கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. வாங்கிய டேப்லெட் இழுப்பறைக்குள் போய் முடங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அளவு திரைக்குப் பொருந்தியிருக்காது, டிரைவர் (டேப்லெட்டைக் கணினியுடன் பேசவைக்கும் மென்பொருள்) ஒத்துழைத்திருக்காது, அல்லது முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்புகளை அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி மானிட்டரில் தொடங்கி, அளவு, பேனா, டிரைவர் என்று போகிறது. மாடல் பெயர்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

1. கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதுங்கள். மானிட்டரில் படம் தெரியும் பகுதியின் அகலம் (அளவுகோலால் அளந்து, மில்லிமீட்டரில்). மானிட்டரின் விகிதம், அதாவது 16:9 அல்லது 16:10. விசைப்பலகைக்குப் பக்கத்தில் மேசையில் மிஞ்சும் இடம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பெயரும் பதிப்பும். எடிட்டிங் மென்பொருளின் பெயரும் பதிப்பும்.

திரையின் மூலைவிட்ட அளவு மட்டும் தெரிந்தால் போதாதா என்று தோன்றும். 16:9 திரையானால் மூலைவிட்டத்தை 0.87ஆல் பெருக்கினால் அகலம் அங்குலத்தில் கிடைக்கும்; அதை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். 24 அங்குலத் திரை சுமார் 531 மி.மீ., 27 அங்குலம் சுமார் 598 மி.மீ., 15.6 அங்குல லேப்டாப் சுமார் 345 மி.மீ. இந்த எண் மூன்றாம் படியில் வேண்டியிருக்கும்.

2. எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேனாவுக்கு வேலை இருப்பது கையால் பூச வேண்டிய இடங்களில். முகத்தில் ஒளியும் நிழலும் ஏற்றி இறக்கும் டாட்ஜ் அண்ட் பர்ன், முடியோரமாக மாஸ்க் (திருத்தம் எந்தப் பகுதியில் மட்டும் விழ வேண்டும் என்று காட்டும் மறைப்பு) வரைவது, தழும்புகளை மறைக்கும் ஹீலிங் பிரஷ், ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப், பழைய படங்களின் கீறல்களை அகற்றுவது போன்றவை. இவற்றில் ஒரே இழுப்புக்குள் அழுத்தம் கூடிக் குறைய வேண்டும். மவுஸுக்கு அது முடியாது.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கிராப் போன்ற ஸ்லைடர் வேலைகளில் பேனாவால் லாபம் இல்லை. சிறிய ஸ்லைடர் குமிழைப் பிடிப்பதற்கு மவுஸே வசதி. உங்கள் நேரத்தின் பெரும்பகுதி ஸ்லைடர்களில்தான் போகிறது என்றால் டேப்லெட்டை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

அடுத்த கேள்வி, திரை உள்ள டேப்லெட்டா, திரை இல்லாததா? குறைந்த விலைக்குள் என்றால் போட்டோ வேலைக்குத் திரை இல்லாததே சரி. விலை குறைந்த திரை டேப்லெட்டில் நிறம், வெளிச்சச் சீர்மை, கோணம் மாறும்போது சாயல் மாறாமல் இருப்பது ஆகிய மூன்றிலும்தான் செலவைக் குறைத்திருப்பார்கள். போட்டோவுக்கு முக்கியமும் இந்த மூன்றுதான். பக்கத்தில் உள்ள மானிட்டரில் ஒரு நிறம், டேப்லெட்டில் ஒரு நிறம் என்று தெரிந்தால் எதை நம்புவது? அதே பணத்தில் நடுத்தர அளவு சாதா டேப்லெட் வாங்கி, மிச்சத்தை மானிட்டரின் நிறத்தைச் சீரமைக்கும் கேலிபரேட்டருக்கு ஒதுக்கலாம். கழுத்தும் குனியாது.

3. அளவைக் கணக்குப் போட்டுத் தேர்வு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். விலை குறைவு என்பதற்காகச் சிறியதையோ, பெரியதுதான் தொழில்முறை என்று நினைத்து மிகப் பெரியதையோ எடுத்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது செயல் பரப்பு, அதாவது பேனா வேலை செய்யும் பகுதி. வெளி அளவு அதைவிட 10 செ.மீ. வரைகூட நீளமாக இருக்கும். பொத்தான்கள் உட்காரும் இடம் அது. மேசையில் இடம் பார்க்கும்போது வெளி அளவையும், கையின் வசதியைப் பார்க்கும்போது செயல் பரப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. மானிட்டரின் அகலத்தை டேப்லெட்டின் செயல் அகலத்தால் வகுங்கள். வருகிற எண்தான் பெருக்கம். கை 1 மி.மீ. நகர்ந்தால் திரையில் கர்சர் எத்தனை மி.மீ. நகரும் என்பதை அது சொல்கிறது.

சிறிய டேப்லெட்டுகளின் செயல் பரப்பு சுமார் 152 × 95 மி.மீ. இதை 15.6 அங்குல லேப்டாப்புடன் இணைத்தால் பெருக்கம் 2.3. 27 அங்குல மானிட்டருடன் இணைத்தால் 3.9. நடுத்தர அளவான 216 × 135 மி.மீ. அதே 27 அங்குலத்துக்கு 2.8 தரும். 254 × 159 மி.மீ. என்றால் 2.4.

2.5 வரை கைக்கு இயல்பாக இருக்கும். 2.5 முதல் 3.5 வரை பழகினால் சரியாகிவிடும். 3.5ஐத் தாண்டினால் விரலின் சின்ன நடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரியும். மாஸ்க் வரையும்போது கோடு அலையும். ‘எனக்குக் கை வராது’ என்று சொல்லி விட்டுவிடுகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை கையில் இல்லை, இந்த எண்ணில்தான்.

பிக்சலை வைத்துக் கணக்கிடாமல் மில்லிமீட்டரை வைத்துக் கணக்கிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே 27 அங்குலத்தில் 4கே திரையும் இருக்கிறது, ஃபுல் எச்டி திரையும் இருக்கிறது. பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்கு ஆனாலும் கண்ணுக்கும் கைக்கும் தூரம் ஒன்றுதான்.

மறுபக்கம், பெருக்கம் 1.5க்கும் கீழே போனால் திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக முழங்கையையும் தோளையும் தூக்க வேண்டியிருக்கும். ஓவியர்களுக்கு நீண்ட கோடு இழுக்க அது உதவும். போட்டோவில் கோடுகள் குட்டையானவை. மெனுவுக்கும் படத்துக்கும் இடையே ஓடி ஓடித் தோள் வலிப்பதுதான் மிச்சம்.

வாங்கும் முன் ஒரு எளிய சோதனை: செயல் பரப்பின் அளவுக்கு ஒரு தாளை வெட்டி, வெளி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, அட்டையின் மேல் தாளை ஒட்டி மேசையில் வைத்துப் பாருங்கள். விசைப்பலகையை எங்கே தள்ள வேண்டியிருக்கிறது, முழங்கை எங்கே தொங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

4. பேனாவை ஆராயுங்கள்

கையில் மணிக்கணக்காக இருக்கப் போவது பேனா. பேட்டரி இல்லாத பேனாவையே தேடுங்கள். டேப்லெட்டின் அடியில் உள்ள சுற்றுகள் உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சார்ஜ் செய்யும் தொல்லை இல்லை, எடையும் குறைவு. சார்ஜ் செய்யும் பேனாக்கள் இப்போது பழைய இருப்புகளிலும் பழைய பொருள் சந்தையிலும்தான் அதிகம் தென்படும். உள்ளே உள்ள பேட்டரி செத்தால் பேனாவே போச்சு.

அழுத்த நிலைகள்: 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இருப்பதே 256 படிகள். கையால் தனித்தனியாகக் கட்டுப்படுத்த முடிந்த அழுத்தங்கள் அதைவிடக் குறைவு. 2048 நிலைகள் தாராளம். 4096க்கும் 16384க்கும் கையில் வித்தியாசம் தெரியாது.

உண்மையில் வித்தியாசம் காட்டுவது தொடக்க விசை. கோடு விழ ஆரம்பிக்க எவ்வளவு எடை தேவை என்பதே அது. நல்ல பேனாவில் 3 கிராம் அளவு இருக்கும். தோல் திருத்தும் வேலை முழுவதும் மெல்லிய அழுத்தத்தில்தான் நடக்கிறது. தொடக்க விசை அதிகமான பேனாவில் முதலில் ஒன்றுமே விழாது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் திடீரென்று கறை போல விழும். இந்த எண்ணைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. அதனால் வாங்கியவர்கள் போட்ட காணொளிகளில் லேசான கோடுகளை இழுத்துக் காட்டும் பகுதியைத் தேடிப் பாருங்கள்.

துல்லியத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 2540 கோடுகள், 5080 கோடுகள் என்று இரண்டு எண்கள் வழக்கத்தில் உள்ளன. 2540 என்றாலே மில்லிமீட்டருக்கு 100 கோடுகள். 152 மி.மீ. அகலத்தில் 15,200 கோடுகள் வருகின்றன. 4கே திரையின் 3840 பிக்சல்களுக்கு இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதற்கு மேல் பணம் கொடுக்க வேண்டாம். வினாடிக்கு எத்தனை முறை பேனாவின் இடத்தைச் சொல்கிறது என்ற எண்ணும் (133 முதல் 266 வரை காண்பீர்கள்) அப்படித்தான். போட்டோ வேலைக்குக் குறைந்ததே போதும்.

சாய்வு உணர்வு எழுத்துக்கலைக்கும் ஓவியத்துக்கும் பயன்படும். இங்கே தேவையில்லை. பேனாவின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் நல்லது. கூடவே மாற்று நிப்புகள் எத்தனை தருகிறார்கள், பிறகு அதே நிப்பும் பேனாவும் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். பேனா தொலைந்தால் டேப்லெட் வெறும் பலகை.

5. பொத்தான்கள், இணைப்பு

நான்கு முதல் எட்டு குறுக்குவழிப் பொத்தான்கள் போதும். இடது கை விசைப்பலகையில் இருக்கும்போது அவற்றையும் பலர் தொடுவதில்லை. பொத்தானே இல்லாத டேப்லெட்டையும் இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. சுழலும் டயல் மட்டும் விதிவிலக்கு. பிரஷ் அளவை அதில் வைத்தால் வேலை வேகமாக நடக்கும்.

வயர்லெஸ் இல்லாமலே வாங்கலாம். பேட்டரியும் கூடுதல் விலையும் மிச்சம். கேபிள் மாற்றக்கூடியதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். டேப்லெட்டுடன் நிரந்தரமாக ஒட்டிய கேபிள் என்றால், அது அறுந்த அன்று டேப்லெட்டும் போகும். மைக்ரோ யூஎஸ்பி துளையைவிட டைப்-சி துளை நாள்பட உழைக்கும்.

6. டிரைவரைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்

நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், உங்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பதிப்பு பட்டியலில் இருக்கிறதா, கடைசி டிரைவர் எப்போது வந்தது என்று பாருங்கள். வருடக்கணக்காகப் புதிய டிரைவர் வராத மாடலைத் தொட வேண்டாம். அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் அழுத்தம் வேலை செய்யாமல் போகும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வாக்கம் டேப்லெட்டுகள் எளிது, கெர்னலிலேயே (சிஸ்டத்தின் மையப் பகுதியிலேயே) ஆதரவு உண்டு. மற்ற நிறுவனங்களின் மாடல்களுக்கு ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்ற கட்டற்ற மென்பொருளின் ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள்.

இப்போது மாடல்கள். சிறிய வகையில் ஒன் பை வாக்கம் (பொத்தான் இல்லை, 2048 நிலைகள்), வாக்கம் இன்டுவோஸ் சிறியது (நான்கு பொத்தான்கள், 4096), ஹுயான் எச்640பி (ஆறு பொத்தான்கள், 8192) ஆகியவற்றைப் பார்க்கலாம். லேப்டாப்பில் மட்டும் வேலை செய்பவருக்கு இவற்றில் எதுவும் போதும். 24 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் ஒன் பை வாக்கம் நடுத்தர அளவு, எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வி2, ஹுயான் எச்1060பி. கடைசி இரண்டும் ஏறக்குறைய 254 × 159 மி.மீ. பரப்பு கொண்டவை. ஒரே விலைக்கு வாக்கத்தில் சிறியதும் மற்றவற்றில் நடுத்தரமும் கிடைக்கிறது என்றால், 27 அங்குல மானிட்டர் வைத்திருப்பவர் பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்த்து எடுக்கலாம்.

7. பழையதாக வாங்கினால்

பழைய டேப்லெட் நல்ல பேரமாக அமையலாம், ஏனென்றால் பேனாவையும் கேபிள் துளையையும் தவிர அதில் தேயும் பாகம் அதிகம் இல்லை. மூன்றைச் சோதியுங்கள். கேபிளை லேசாக ஆட்டும்போது இணைப்பு துண்டிக்கிறதா? பேனாவைப் பரப்பைத் தொடாமல் மேலே மிதக்கவிடும்போதே கோடு விழுகிறதா? விழுந்தால் பேனாவின் அழுத்த உணரி கெட்டிருக்கிறது. கடைசியாக, அந்த மாடலை இன்றைய டிரைவர் ஆதரிக்கிறதா? இதைப் பார்க்காமல் வாங்கி, அழகான, ஆனால் எதனுடனும் பேசாத பலகையோடு நிற்பவர்கள் ஏராளம். மேற்பரப்பில் உள்ள கீறல்கள் பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே.

8. பெட்டியைத் திறந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள்

முதலில், கணினியில் முன்பு வேறு டேப்லெட் இருந்திருந்தால் அதன் டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் இருந்தால் கர்சர் குதிக்கும், அழுத்தம் போகும். புதிய டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

மேக் கணினியில், சிஸ்டம் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் அணுகல்தன்மை, உள்ளீட்டுக் கண்காணிப்பு ஆகிய இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி தர வேண்டும். தராவிட்டால் டேப்லெட் இணைந்த மாதிரி காட்டும், பேனா மட்டும் அசையாது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

பிறகு சோதனைகள். அளவுகோலை டேப்லெட்டின் மேல் சாய்வாக வைத்து அதன் ஓரமாக மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு அலை அலையாக வந்தால் உணரியில் குறை. நான்கு மூலைகளிலும் பேனாவைக் கொண்டுபோங்கள், கர்சர் திரையின் மூலை வரை வர வேண்டும். பேனாவின் சொந்த எடையை மட்டும் வைத்து, விரலால் அழுத்தாமல் கோடு போட்டுப் பாருங்கள், மெல்லியதாக ஏதாவது விழ வேண்டும். பிறகு ஒரே அழுத்தத்தில் பத்து வினாடி நிறுத்திப் பாருங்கள், தடிமன் தானாக மாறக் கூடாது. இதில் எதுவும் தேறாவிட்டால் டிரைவரை ஒருமுறை மறுபடி நிறுவிப் பாருங்கள், வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் தேறாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

9. அமைப்புகள்: இந்த வரிசையில்

முதலில் திரை ஒதுக்கீடு. இரண்டு மானிட்டர்கள் இருந்தால் டிரைவர் பல நேரங்களில் இரண்டையும் சேர்த்து டேப்லெட்டில் பரப்பிவிடும். பெருக்கம் இரண்டு மடங்காகி, மூன்றாம் படியில் போட்ட கணக்கெல்லாம் வீணாகும். எடிட்டிங் செய்யும் ஒரு மானிட்டருக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அடுத்தது விகிதம். மேலே சொன்ன டேப்லெட்டுகள் எல்லாம் 16:10, மானிட்டர்களில் அதிகம் 16:9. அப்படியே விட்டால் கையால் போடும் வட்டம் திரையில் சுமார் 11 சதவீதம் அகலமான முட்டையாக விழும். கண் பார்த்துக் கை போகிற பழக்கமும் குழம்பும். டிரைவரில் விகிதத்தைக் கட்டாயமாக்கும் தேர்வை இயக்குங்கள். 152 × 95 மி.மீ. பரப்பில் உயரத்தில் சுமார் 9 மி.மீ. பயன்படாமல் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பேனா முறை. டிரைவரில் மவுஸ் முறை என்று ஒன்று இருக்கும். முதல் நாள் தடுமாற்றத்தில் அதற்கு மாறிவிடாதீர்கள். பேனா முறையில் டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரே இடம். கை அதை மனப்பாடம் செய்துகொள்ளும். மவுஸ் முறையில் அந்தப் பழக்கம் உருவாகவே உருவாகாது.

விண்டோஸில் இன்னும் இரண்டு வேலைகள். கண்ட்ரோல் பேனலில் பேனா, தொடுதல் பகுதிக்குப் போய் அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெதுவான இழுப்பின் தொடக்கத்திலும் ஒரு வளையம் தோன்றிக் கோடு தாமதமாகும். விண்டோஸ் இங்க் (விண்டோஸின் சொந்தப் பேனா வசதி) என்ற தேர்வை ஃபோட்டோஷாப் பயன்படுத்துபவர்கள் டேப்லெட் டிரைவரில் அணைக்கக் கூடாது. ஃபோட்டோஷாப் இயல்பாக அதன் வழியாகவே அழுத்தத்தை வாங்குகிறது. கோடு விழுகிறது, ஆனால் ஒரே தடிமனில் விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இதற்குப் பிறகுதான் அழுத்த வளைவு, அதாவது கை தரும் அழுத்தத்துக்குக் கோடு எவ்வளவு பதில் சொல்ல வேண்டும் என்பதை மாற்றும் அமைப்பு. கை கனமாக அழுத்துகிறவர் வளைவைக் கடினமான பக்கம் தள்ளினால் மெல்லிய பகுதியில் கூடுதல் இடம் கிடைக்கும். முதல் சில நாள் வளைவைத் தொடாமலே வேலை செய்யுங்கள், இல்லாவிட்டால் எது கையின் பழக்கம், எது வளைவின் வேலை என்று பிரித்தறிய முடியாது.

10. மென்பொருளில் பேனாவை வேலைக்கு விடுதல்

ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அமைப்புகளில் அழுத்தம் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொல்லலாம். டாட்ஜ் அண்ட் பர்னுக்கும் மாஸ்க்குக்கும் அழுத்தம் ஃப்ளோவையோ (ஒவ்வொரு தொடுதலிலும் விழும் நிறத்தின் அளவு) ஒப்பாசிட்டியையோ (அது எவ்வளவு அடர்த்தியாக மறைக்கும் என்பது) கட்டுப்படுத்தட்டும், அளவைக் கட்டுப்படுத்த வேண்டாம். இரண்டையும் சேர்த்து இயக்குவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. லேசாகத் தொடும்போது பிரஷ் சிறியதாகவும் மங்கலாகவும் ஆகிவிடுவதால், பரந்த மென்மையான நிழலுக்குப் பதில் நூல் நூலான கோடுகள் முகத்தில் விழும். ஹீலிங் பிரஷ்ஷுக்கு நேர்மாறு. அங்கே அளவை அழுத்தத்துக்கு விடலாம், சின்னப் புள்ளிக்கு லேசாக, பெரியதற்கு அழுத்தமாக.

டாட்ஜ் அண்ட் பர்னுக்கு ஃப்ளோவை 2 முதல் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். அழுத்தம் இருக்கிறதே என்று 100இல் வைத்தால், கை கொஞ்சம் தவறினாலே கறை.

பிரஷ் அமைப்பில் அழுத்தத் தேர்வின் அருகே எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் ஃபோட்டோஷாப்புக்கு டேப்லெட் தெரியவில்லை என்று பொருள். பேனாவை டேப்லெட்டின் மேல் வைத்தபடி ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து பாருங்கள், பிறகு விண்டோஸ் இங்க் தேர்வைப் பாருங்கள்.

ஜிம்ப் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளின் 2.10 பதிப்பில் திருத்து மெனுவின் உள்ளீட்டுச் சாதனங்கள் பகுதியில் பேனாவின் முறையைத் திரை என்று மாற்ற வேண்டும். பிறகு பிரஷ்ஷின் டைனமிக்ஸில் அழுத்த ஒப்பாசிட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் எதுவும் மாறாது. டார்க்டேபிள் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் பிரஷ் மாஸ்க்குக்கான பேனா அழுத்தத் தேர்வு விருப்பங்களில் இருக்கிறது. அதில் ஒப்பாசிட்டியையோ மென்மையையோ தேர்வு செய்துகொள்ளுங்கள்.

11. உட்காரும் முறையும் தேய்மானமும்

டேப்லெட்டின் செயல் பரப்பின் நடுவும் மானிட்டரின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். விசைப்பலகை இடப்பக்கம் நகரட்டும். நோட்டுப் புத்தகத்தைப் போல டேப்லெட்டைச் சாய்த்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சாய்த்தால் கை நேராக இழுக்கும் கோடு திரையில் அதே அளவு சாய்ந்து விழும். இடது கைக்காரர்கள் பலகையை 180 பாகை திருப்பி, டிரைவரிலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பழகும் நாட்களில் மவுஸை எட்டாத இடத்தில் வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு சிரமத்துக்கும் கை அங்கேதான் போகும். பழகிய பின் ஸ்லைடர்களுக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிப் ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி போல விளிம்பு கட்டினால் உடனே மாற்றுங்கள். அந்தக் கூர் விளிம்பு பரப்பைக் கீறும், கீறிய பரப்பு அடுத்த நிப்பை இன்னும் சீக்கிரம் தின்னும். விரல் நகத்தால் நிப்பைத் தடவிப் பார்த்தாலே விளிம்பு தெரியும். கழற்றுவதற்குப் பெட்டியில் ஒரு சிறு வளையமோ இடுக்கியோ, நிறுத்தியில் ஒரு துளையோ இருக்கும். புதிய நிப்பை நேராக, அது தானாக நிற்கும் இடம் வரை மட்டும் தள்ளுங்கள்.